ஈர்ப்பு குவாண்டமா இல்லையா: பரிசோதனை மேசையில் எப்படிக் கேட்பது?

வாவிமுனை (இரவு 7.20)

உயர்தரப் பௌதிகவியல் மாணவர்களுக்கான ஒரு கலந்துரையாடலுக்கு இந்த இழை. பாடநூலில் ஒளிமின் விளைவோடு "சக்திச்சொட்டு" (குவாண்டம்) வருகிறது. அதற்குப் பிறகு பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஒளிக்குச் சொட்டு உண்டென்றால் ஈர்ப்புக்கு?

தெரிந்தவர்களிடம் மூன்று விடயம் வேண்டும். கிராவிட்டன் என்ற ஈர்ப்புச் சொட்டை நேரே பிடிக்காமல் இதற்கு விடை காண வழியுண்டா? அந்தப் பரிசோதனைக்கு என்ன திணிவு, என்ன தூரம், எத்தனை செக்கன், என்ன அமுக்கம்? மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் இதன் முதற்படியையாவது செய்து காட்டலாமா? முடியாது என்றால் ஏன் முடியாது என்பதையும் எண்களோடு எழுதுங்க.

கல்லோயா (இரவு 8.05)

டீச்சர், முதற்கேள்விக்கு விடை: வழியுண்டு. 2017 இல் தான் அது தெளிவான வடிவத்துக்கு வந்தது.

கிராவிட்டனை நேரே பிடிப்பது ஏன் சரிவராது என்பதை முதலில் சொல்லிவிடுவோம். 100 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ஈர்ப்பலையின் ஒரு சொட்டின் சக்தி, பிளாங் மாறிலியை மீடிறனால் பெருக்க, 6.6 × 10⁻³² யூல். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு சொட்டு ஏறத்தாழ 4 × 10⁻¹⁹ யூல். பன்னிரண்டு, பதின்மூன்று வரிசை வித்தியாசம். சக்தி குறைவு என்பது பாதிப் பிரச்சினைதான். சடம் ஈர்ப்பலையை உறிஞ்சுவதே மிக அரிது என்பது மறுபாதி.

மற்றப் பாதை பைன்மனுடையது. 1957 இல் சப்பல் ஹில் மாநாட்டில் அவர் வைத்த கேள்வி: ஒரு திணிவை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களின் மேற்பொருந்துகையில் வைத்தால், அதன் ஈர்ப்புப் புலம் எந்த இடத்தைக் காட்டும்? இடது புலமும் வலது புலமும் சேர்ந்து மேற்பொருந்துகையில் இருக்குமா, அல்லது புலம் எப்போதும் ஒரே திட்டமான பெறுமானத்தோடுதான் இருக்குமா?

2017 டிசம்பரில் சௌகதோ போஸ், அனுபம் மசும்தார் ஆகியோரின் குழு ஒரு கட்டுரையும், கியாரா மார்லெட்டோவும் விளாட்கோ வெட்ராலும் இன்னொரு கட்டுரையும் வெளியிட்டார்கள். இரண்டின் கருத்தும் ஒன்று. ஒரு திணிவை விட்டு இரண்டு திணிவுகளை எடு. இரண்டையும் தனித்தனியே மேற்பொருந்துகையில் வை. இடையில் ஈர்ப்பைத் தவிர வேறொன்றும் செல்லாதபடி பார்த்துக்கொள். சில செக்கன் விட்டுவிட்டு இரண்டும் குவாண்டம் பின்னலில் (ஒன்றின் நிலையை மற்றதை விட்டுத் தனியே சொல்ல முடியாதபடி பிணைந்த நிலையில்) இருக்கின்றனவா என்று அள.

பின்னல் ஏன் சான்றாகிறது என்பதற்கு இப்படி யோசிக்கலாம். கல்லடியில் ஒருவரிடமும் காத்தான்குடியில் ஒருவரிடமும் ஆளுக்கொரு குவாண்டம் பொருள் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் பின்னல் இல்லை. அவரவர் பொருளில் அவரவர் எதையும் செய்யலாம், தொலைபேசியில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அப்படிச் செய்து பின்னலை உண்டாக்கவே முடியாது, இது கணிதத்தில் நிறுவப்பட்ட தேற்றம். சாதாரணச் செய்தி, அதாவது குவாண்டம் அல்லாத ஒரு ஊடகம், பின்னலைச் சுமந்து செல்லாது. ஆகவே ஈர்ப்பு மட்டுமே இடையில் நின்றிருக்க இரண்டு திணிவும் பின்னினால், நின்ற அந்த ஊடகம் சாதாரணமானது அல்ல.

ஏறாவூர்_அவத்தை (இரவு 8.31)

நானா, எண் இல்லாம விளங்குதில்ல. எவ்வளவு பெரிய திணிவு? ஏன் பெரிசா எடுக்கேலாது, ஏன் சின்னதா எடுக்கேலாது?

கல்லோயா (இரவு 9.12)

தம்பி, பேனையை எடுங்க, இதை ஒரு தாளில் செய்யலாம்.

குவாண்டம் நிலை ஒன்று நேரத்தோடு சேர்க்கும் அவத்தை (அதன் அலை எவ்வளவு முன்னேறியது என்பதைச் சொல்லும் கோணம்) = சக்தி × நேரம் ÷ சுருக்கிய பிளாங் மாறிலி (பிளாங் மாறிலி ÷ 2π). இங்கே சக்தி என்பது இரண்டு திணிவுக்கும் இடையிலான ஈர்ப்பு அழுத்தச்சக்தி: ஈர்ப்பு மாறிலி × திணிவின் வர்க்கம் ÷ தூரம்.

போஸ் குழுவின் பெறுமானங்களையே எடுப்போம். திணிவு 10⁻¹⁴ கி.கி. இது வைரத் துணிக்கை. வைரத்தின் அடர்த்தி கனமீற்றருக்கு 3,510 கி.கி. என்றால் விட்டம் 1.8 மைக்ரோமீற்றர் அளவில் வரும். ஒவ்வொன்றும் 250 மைக்ரோமீற்றர் அகலத்துக்குப் பிரிகிறது. இரண்டின் மையங்களுக்கு இடையே 450 மைக்ரோமீற்றர். ஒரே கோட்டில் வைத்தால் நான்கு சேர்க்கை கிடைக்கும். உள்பக்கக் கிளைகள் இரண்டும் 200 மைக்ரோமீற்றரில், வெளிப்பக்கக் கிளைகள் இரண்டும் 700 இல், மற்ற இரண்டு சேர்க்கையும் 450 இல்.

ஈர்ப்பு மாறிலி 6.67 × 10⁻¹¹, திணிவின் வர்க்கம் 10⁻²⁸. பெருக்கி 1.055 × 10⁻³⁴ ஆல் வகுத்தால் 6.3 × 10⁻⁵. இதைத் தூரத்தால் வகுத்து 2.5 செக்கனால் பெருக்கினால்:

200 மைக்ரோமீற்றரில் 0.79 ஆரையன்
450 இல் 0.35
700 இல் 0.23

பின்னலைத் தருவது இவற்றின் வித்தியாசம்தான். 0.79 + 0.23 − 2 × 0.35, அண்ணளவாக 0.31 ஆரையன். அதாவது 18 பாகை. சைபராக இருந்தால் பின்னல் இல்லை. மூன்று தூரமும் ஒன்றானால் அது சைபராகிவிடும், ஆகவேதான் மேற்பொருந்துகையின் அகலம் தூரத்தோடு ஒப்பிடத்தக்க அளவு இருக்கவேண்டும்.

இப்போது உங்க கேள்வி. திணிவைப் பத்தில் ஒன்றாக்கினால் அவத்தை நூறில் ஒன்றாகிவிடும், வர்க்கம் அல்லவா. அப்போது 250 செக்கன் காத்திருக்கவேண்டும். திணிவைப் பெருப்பித்தால் அதே அகலத்துக்குப் பிரிக்க முடியாது. இந்த இரண்டு சுவருக்கும் இடையில்தான் 10⁻¹⁴ வந்தது.

முகத்துவாரம் (இரவு 10.40)

கணக்கு சரி. அந்த 0.31 ஆரையனை மற்ற எல்லாவற்றிலும் இருந்து பிரித்தெடுப்பதுதான் முழு வேலையும். அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பலர் "ஈர்ப்பு பலவீனம், அதனால் கடினம்" என்று ஒரே வரியில் கடந்துவிடுவார்கள். அவத்தை 0.31 என்பது பலவீனமான எண்ணே அல்ல. அதை எவையெல்லாம் மூடுகின்றன என்பதுதான் கேள்வி.

மின்னேற்றம். ஒவ்வொரு வைரத்திலும் ஒரேயொரு இலத்திரன் மிகையாக இருந்தாலே 200 மைக்ரோமீற்றரில் மின் அழுத்தச்சக்தி 1.2 × 10⁻²⁴ யூல். ஈர்ப்பினது 3.3 × 10⁻³⁵ யூல். மூவாயிரத்து ஐந்நூறு கோடி மடங்கு. ஆகவே மின்னேற்றம் துல்லியமாகச் சைபராக வேண்டும். இது செய்யக்கூடியதுதான். மிதக்கும் துணிக்கையை ஆடலோட்ட மின்புலத்தால் அசைத்துப் பார்த்தால் அதன் அசைவு இலத்திரன் இலத்திரனாகப் படிப்படியாக மாறும். புறஊதா ஒளியோ சிறு மின்னிறக்கமோ கொடுத்து அசைவு நிற்கும்வரை கொண்டுவரலாம். மின்னேற்றம் போனாலும் மின் இருமுனை இருக்கும். பளிங்கின் மேற்பரப்புக் குறைகளில் தங்கிய ஏற்றங்கள் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் மறை என்று நிற்கும். அதை நீக்க இலகுவான வழி இல்லை. என் மதிப்பீட்டில் இதுதான் மிகக் கெட்ட எதிரி.

கசிமிர்–போல்டர் விசை. நடுநிலையான இரண்டு மின்கடத்தாத் துணிக்கைகளும் வெற்றிடத் தளம்பலால் ஒன்றையொன்று ஈர்க்கும். அழுத்தச்சக்தி தூரத்தின் ஏழாம் அடுக்குக்கு நேர்மாறு. அதே வைரங்களுக்கு 200 மைக்ரோமீற்றரில் 8 × 10⁻³⁷ யூல், ஈர்ப்பு நாற்பது மடங்கு பெரிது, நல்லது. 157 மைக்ரோமீற்றருக்கு வந்தால் பத்து மடங்குதான். 100 இல் கசிமிர் முந்திவிடும். தூரத்தைக் குறைத்து அவத்தையைக் கூட்டலாமே என்று யாரும் கேட்டால் இதுதான் பதில். இடையில் ஒரு மெல்லிய கடத்தித் தகடு வைத்துக் கசிமிரை மறைக்கலாம் என்று 2020 இல் முன்மொழிவு வந்தது. தகடு மின்விசையை மறைக்கும், ஈர்ப்பை மறைக்காது. அழகான யோசனை, ஆனால் ஒவ்வொரு வைரமும் இனித் தகட்டால் ஈர்க்கப்படும், தகடு அதிர்ந்தால் அவத்தையும் அதிரும். தகட்டை இறுக்கி, குளிர்த்தி, அசையாமல் வைக்கவேண்டும்.

அமுக்கம். ஒரு வாயு அணு மோதினாலே அது துணிக்கை இடதா வலதா என்ற செய்தியை எடுத்துக்கொண்டு போய்விடும். போஸ் குழு கேட்டது 10⁻¹⁵ பாஸ்கல், 0.15 கெல்வின். வளிமண்டல அமுக்கம் 10⁵ பாஸ்கல், ஆகவே இருபது வரிசை கீழே. சாதாரண வெற்றிடப் பம்பியால் இதை எட்ட முடியாது. அறையின் சுவரையே திரவ ஹீலிய வெப்பநிலைக்குக் கீழே குளிர்த்தி, வாயு சுவரில் ஒட்டி உறையும்படி செய்யவேண்டும். துணிக்கையின் உள்வெப்பநிலையும் குறையவேண்டும். சூடான துணிக்கை தானே செந்நிறக்கீழ் ஒளிச்சொட்டுகளை வெளிவிட்டுத் தன் இடத்தைச் சொல்லிவிடும். லேசரால் பிடித்து மிதக்கவைத்தால் இங்கே சிக்கல். லேசர் வைரத்தைச் சூடாக்கும். அதனால்தான் பலர் காந்தப் பொறியை நாடுகிறார்கள்.

பிரிப்பது எப்படி. வைரத்துக்குள் ஒரு நைதரசன்–வெற்றிட மையம் இருக்கும், அதாவது ஒரு காபன் அணுவின் இடத்தில் நைதரசனும் அதன் பக்கத்து இடம் வெறுமையுமாக உள்ள பளிங்குக் குறை. அதன் இலத்திரன் சுழலை நுண்ணலையால் மேலும் கீழுமான மேற்பொருந்துகையில் வைத்து, காந்தப்புலப் படித்திறனுக்குள் விட்டால் இரண்டு சுழலும் இரண்டு பக்கம் இழுபடும். மீற்றருக்கு 10⁶ ரெஸ்லா படித்திறன் என்று போஸ் குழுவின் கட்டுரை எடுத்தது. ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 1.9 மில்லிமீற்றர் வரும், அரைச் செக்கனில் 230 மைக்ரோமீற்றர். தாளில் சரி. ஆனால் அந்தப் படித்திறன் 250 மைக்ரோமீற்றருக்குத் தொடர்ந்தால் புலம் 250 ரெஸ்லா மாறவேண்டும். தொடர்ந்து இயங்கும் மிக வலிமையான ஆய்வுகூடக் காந்தங்களே 45 ரெஸ்லா அளவில்தான். அவ்வளவு படித்திறன் காந்த முனைக்கு மிக நெருக்கத்தில் மட்டும் கிடைக்கும். போதாததற்கு வைரம் தயாகாந்தப் பொருள், புலத்தோடும் அதன் படித்திறனோடும் வளரும் ஒரு தள்ளுவிசை சுழல் விசையைவிடப் பெரிதாகிவிடும். இதனால் பலபடிகளில் பிரிக்கும் திட்டங்கள் இப்போது எழுதப்படுகின்றன.

சுழலின் ஆயுள். 3.7 கெல்வினில் பெரிய வைரத்துக்குள் இருந்த ஒற்றைச் சுழலை 1.58 செக்கன் வரை அவத்தை கெடாமல் வைத்திருக்கிறார்கள் (2018). மைக்ரோமீற்றர் அளவுத் துணிக்கையில் மேற்பரப்பு அருகில் இருப்பதால் இது பலமடங்கு குறைகிறது. பரிசோதனைக்குத் தேவை 3 செக்கனுக்கு மேல்.

இன்னொன்று, பேசப்படுவது குறைவு. துணிக்கை சும்மா விழவிடப்பட்டால் 2.5 செக்கனில் 30 மீற்றர் விழும். அந்த அமுக்கமும் வெப்பநிலையும் அந்த 30 மீற்றருக்கும் வேண்டும். ஜேர்மனியின் பிறேமனில் 146 மீற்றர் கோபுரம் இருக்கிறது, விழவிட்டால் 4.7 செக்கனும் மேலே எறிந்தால் 9.3 செக்கனும் நிறையற்ற நிலை கிடைக்கும். கருவி முழுவதும் சேர்ந்து விழுவதால் அங்கே இந்தச் சிக்கல் தீரும், ஆனால் ஒரு நாளைக்கு ஒருசில தடவைதான் போடலாம். பின்னலை நிறுவ ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப அளக்கவேண்டும்.

ஏறாவூர்_அவத்தை (இரவு 11.02)

ஆயிரக்கணக்கு எதுக்கு அண்ணன்? ஒருக்கா பின்னினா போதாதா?

முகத்துவாரம் (இரவு 11.15)

ஒரு அளவீடு ஒரு "மேல்" அல்லது "கீழ்" மட்டும்தான் தரும். பின்னல் என்பது தொடர்புகளின் சராசரியில் தெரிவது. ஒரு துணிக்கையின் சுழலை ஒரு திசையிலும் மற்றதன் சுழலை இன்னொரு திசையிலும் அளந்து, பெருக்கி, சராசரி எடுக்கவேண்டும். அப்படி இரண்டு சோடித் திசைகள். அவற்றைச் சேர்த்து வரும் சாட்சி எண் 1 ஐத் தாண்டினால் பின்னல் உண்டு. சராசரியின் வழு தடவைகளின் வர்க்கமூலத்தோடு குறையும். 1 க்கு மேல் 0.1 மட்டும் தாண்டுகிறது, அதை மூன்று மடங்கு நிச்சயத்தோடு காட்டவேண்டும் என்றால், இலட்சிய நிலையிலேயே 900 தடவை. இரைச்சல் அந்த 0.1 ஐ 0.02 ஆக்கினால் 22,500.

திருக்கோவில்_கரை (மறுநாள் காலை 6.10)

நல்ல எண்கள். ஆனால் விடை வந்தால் அது எதைச் சொல்லும் என்பதில் அவசரப்படக்கூடாது. பிள்ளைகளுக்கு "ஈர்ப்பு குவாண்டம் என்று நிறுவியாயிற்று" என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு திருத்துவது கடினம்.

0.31 ஆரையன் வந்தது வெறும் நியூட்டனின் சூத்திரத்தில் இருந்து. அதில் ஈர்ப்பலையும் இல்லை, கிராவிட்டனும் இல்லை. பின்னல் கண்டால், இடையில் நின்ற ஊடகத்தால் மேற்பொருந்துகையைச் சுமக்க முடியும் என்று தெரியும். ஈர்ப்பு எப்போதும் திட்டமான ஒரே பெறுமானம் உடையது என்ற கொள்கைகள் விழும். 2014 இல் கஃப்ரி, ரெய்லர், மில்பேர்ன் எழுதிய "ஈர்ப்பு என்பது அளந்து திருப்பி அனுப்பும் சாதாரண வழி" என்ற மாதிரி அந்த வகை. 1975 இல் கொலெல்லா, ஓவர்ஹவுசர், வேர்னர் செய்த நியூத்திரன் தலையீட்டுப் பரிசோதனையைப் பலர் இதோடு குழப்புவார்கள். அங்கே பூமியின் ஈர்ப்பு நியூத்திரனின் அவத்தையை மாற்றியது உண்மை, ஆனால் புலத்தின் மூலம் பூமி, அது மேற்பொருந்துகையில் இல்லை. அது வேறு கேள்விக்கான விடை.

சாதாரணச் செய்தி பின்னலைச் சுமக்காது என்ற வாதத்திலும் விவாதம் இருக்கிறது. 2025 இல் அசீஸ், ஹவுல் என்ற இருவர், சடத்தைக் குவாண்டம் புலமாகவே எடுத்தால் ஈர்ப்பு சாதாரணமாக இருந்தும் சிறிதளவு பின்னல் வரலாம் என்று ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதை மறுப்பவர்களும் உண்டு. நடைமுறையில் இதன் பயன், "பின்னல் உண்டா இல்லையா" என்பதோடு நில்லாமல், எவ்வளவு உண்டு, திணிவோடும் தூரத்தோடும் எப்படி மாறுகிறது என்று அளக்கவேண்டும் என்பதுதான்.

மறுபக்கம், பின்னல் வராவிட்டால்? அதுவே பெரிய சிக்கல். வாயு மோதியதாலா, சுழல் கெட்டதாலா, ஈர்ப்பு சாதாரணம் என்பதாலா என்று எப்படிப் பிரிப்பது? அதே கருவியில், அதே துணிக்கைகளோடு, தெரிந்த ஒரு குவாண்டம் விசையால் முதலில் பின்னலைக் காட்டவேண்டும். தூரத்தை 100 மைக்ரோமீற்றருக்குக் குறைத்தால் கசிமிர் விசை பின்னும் என்று முகத்துவாரம் அண்ணன் எழுதிய கணக்கே அதற்கு வழி. அங்கே பின்னல் வந்து, 200 இல் வராமல் போனால் அந்த "இல்லை" க்குப் பெறுமதி உண்டு.

"இல்லை" பக்கத்தில் வேறு ஒரு வழியும் இருக்கிறது. ஜொனதன் ஒப்பன்ஹைமின் 2023 கொள்கையில் ஈர்ப்பு சாதாரணமாகவே இருக்கும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: ஈர்ப்புப் புலம் தானாகத் தளம்பவேண்டும். மேற்பொருந்துகை எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறதோ அவ்வளவுக்குத் தளம்பல் கூடவேண்டும். ஆகவே ஒரு பக்கம் மேற்பொருந்துகையின் ஆயுளையும் மறுபக்கம் திணிவை நிறுக்கும்போது வரும் விளக்கமில்லாத நடுக்கத்தையும் அளந்தால், இரண்டு பக்கமும் அந்தக் கொள்கையை நெருக்கலாம். பின்னலை அளக்கும் வசதி வருமுன்னரே செய்யக்கூடியது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், ஈர்ப்பால் மேற்பொருந்துகை குலையும் என்ற டியோசி–பென்றோஸ் கருத்தின் மிக எளிய வடிவத்தை ஜேர்மானியக் கண்டறிகருவியால் 2021 இல் விலக்கியதும் இந்த வகை. குலையும்போது வரவேண்டிய மெல்லிய கதிர்ப்பு வரவில்லை. (பிள்ளைகளுக்கு: ஜேர்மானியம் என்பது மூலகம், நாடல்ல.)

வாவிமுனை (காலை 7.45)

நன்றி அக்கா, பிறேமன் கோபுரத்துக்கும் ஜேர்மானியத்துக்கும் முடிச்சுப் போடக்கூடிய பிள்ளைகள் உண்டு. இப்போது இரண்டு முனையும் எங்கே நிற்கின்றன? மேற்பொருந்துகையில் எவ்வளவு பெரிய பொருள், ஈர்ப்பை அளந்ததில் எவ்வளவு சிறிய பொருள்?

கல்லோயா (காலை 8.20)

குவாண்டம் முனை: 2019 இல் வியன்னாவில் 25,000 டோல்டனுக்கு (அணுத்திணிவு அலகு) மேற்பட்ட, ஏறத்தாழ 2,000 அணு கொண்ட மூலக்கூறுகளின் தலையீடு. திணிவு 4 × 10⁻²³ கி.கி. தேவைப்படும் 10⁻¹⁴ க்கு எட்டு வரிசைக்கு மேல் கீழே. 2020 இல், அதுவும் வியன்னாவில், மிதக்கும் சிலிக்காத் துணிக்கையின் அசைவைச் சராசரி அரைச் சொட்டுக்கும் கீழே குளிர்த்தினார்கள். அது மேற்பொருந்துகை அல்ல, அதற்கு முந்திய படி.

ஈர்ப்பு முனை: 2021 இல் வியன்னாவில் ஆஸ்பெல்மையரின் குழு 1 மில்லிமீற்றர் ஆரையுள்ள, 90 மில்லிகிராம் பொற்குண்டுகள் இரண்டுக்கு இடையிலான ஈர்ப்பை முறுக்கல் தராசால் அளந்தது. ஒரு குண்டை 12.7 மில்லிஹேர்ட்ஸில் முன்னும் பின்னும் அசைத்து, அதே மீடிறனில் மற்றதன் பதிலைத் தேடினார்கள். இடையில் மின்மறைப்புத் தகடு. நல்ல தரவு கிடைத்தது நத்தார்க் காலத்து இரவுகளில், நகரம் அமைதியாக இருந்தபோது. 2024 இல் லெய்டன், சவுதாம்ப்டன் குழுக்கள் மீகடத்திப் பொறியில் மிதந்த 0.43 மில்லிகிராம் காந்தத் துணிக்கையில் 30 அற்றோநியூற்றன் (30 × 10⁻¹⁸ நியூற்றன்) ஈர்ப்புவிசையை அளந்தன. அங்கே மூலத் திணிவு கிலோகிராம் அளவு.

90 மில்லிகிராமில் இருந்து 10⁻¹⁴ கி.கி. க்கு இன்னும் பத்து வரிசை. இரண்டு முனையும் நெருங்குகின்றன, சந்திக்கவில்லை.

முகத்துவாரம் (காலை 9.30)

டீச்சரின் மூன்றாம் கேள்விக்கு வருவோம். குவாண்டம் பகுதி இங்கே முடியாது. ஆனால் இரண்டு பொருளுக்கு இடையிலான ஈர்ப்பை அளந்து, அதை மூடும் எதிரிகளை ஒவ்வொன்றாக அடையாளம் காண்பது பாடசாலையில் முடியும். கவென்டிஷ் 1798 இல் செய்ததுதான். வியன்னாவில் செய்ததும் அதே வகைத் தராசு.

தண்டு: 20 செ.மீ. நீள அலுமினியக் குழாய், 5 கிராமுக்கு மேற்படாதது. பிரம்பு, மரம் வேண்டாம், வாவிக்கரை ஈரப்பதனில் வளையும். இரு முனையிலும் 20 கிராம் ஈயம். வலைக் கடையில் வாங்கும் ஈயத்தில் சிலவற்றுக்குள் இரும்புக் கம்பி இருக்கும், ஒவ்வொன்றையும் வலிமையான காந்தத்தை நூலில் தொங்கவிட்டு அதன் அருகே பிடித்துப் பாருங்க, காந்தம் அசைந்தால் ஒதுக்கிவிடுங்க. நடுவில் 1 செ.மீ. முகம்பார்க்கும் கண்ணாடித் துண்டு.

கம்பி: 25 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள தங்குதன், 50 செ.மீ. இதை மட்டும் வெளியில் இருந்து எடுப்பிக்க வேண்டும். தூண்டில் நைலோன் கிடைக்கிறதே என்று போடக்கூடாது. நைலோன் பாரத்தில் நீண்டுகொண்டே போகும், ஈரத்தை உறிஞ்சும், சமநிலைப் புள்ளி மணிக்கணக்கில் நகரும். மின்வயருக்குள் இருக்கும் செப்பிழையும் இந்தப் பாரத்தில் மெல்ல இளகும், தடிப்பு நாலு மடங்கு என்பதால் விறைப்பு 4⁴, அதாவது இருநூறு மடங்குக்கு மேல் (செப்பு மென்மை என்பதால் எழுபது, எண்பது மடங்காகக் குறையும்).

பெரிய திணிவு: 1.5 கி.கி. வீதம் இரண்டு. ஈயத்தை உருக்கவேண்டாம், ஆவி நஞ்சு. 7.5 செ.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் பந்துக்குள் சிறிய வலை ஈயமணிகளைக் குலுக்கி நிரப்பினால் அந்த நிறை வரும். தகரப் பேணியில் நிரப்பக்கூடாது, பேணி இரும்பு. ஈயத்தைத் தொட்ட கையைச் சவர்க்காரத்தால் கழுவவேண்டும்.

பெட்டி: ஒட்டுப்பலகை, உள்ளே முழுவதும் அலுமினியத் தாள், தாளை நிலத்தொடுப்புக் கம்பியோடு இணைக்கவேண்டும். லேசர் ஒளி போய்த் திரும்ப ஒரு சிறு கண்ணாடிச் சன்னல்.

மையத்துக்கு மையம் 6 செ.மீ. வைத்தால் ஒரு பக்க விசை 5.6 × 10⁻¹⁰ நியூற்றன், திரும்பல் 0.009 ஆரையன். பந்துகளை மறுபக்கம் மாற்றினால் இருமடங்கு, கண்ணாடியில் தெறிப்பதால் இன்னும் இருமடங்கு. 3 மீற்றர் தள்ளியுள்ள சுவரில் லேசர்ப் புள்ளி கிட்டத்தட்ட 11 செ.மீ. நகரும். வெறுங்கண்ணுக்கே தெரியும். அலைவுக்காலம் 19 நிமிடம், பொறுமை வேண்டும்.

ஈர்ப்பு மாறிலி = 4π² × தண்டின் அரைநீளம் × தூரத்தின் வர்க்கம் × திரும்பல் கோணம் ÷ (பெரிய திணிவு × அலைவுக்காலத்தின் வர்க்கம்). சின்னத் திணிவு வெட்டுப்பட்டுப் போகிறது, கம்பியின் விறைப்பும் தேவையில்லை. திருத்தம் இரண்டு: ஒவ்வொரு பந்தும் தூர முனையையும் எதிர்ப்பக்கமாக இழுப்பதால் முறுக்கம் 2.4 சதவீதம் குறையும், தண்டின் சொந்தச் சடத்துவத்திருப்பம் 4 சதவீதம் கூட்டும்.

ஏறாவூர்_அவத்தை (காலை 10.05)

கல்லடிப் பக்கம் கடல் இரைச்சலுக்கு இது நிக்குமா? எங்கட வகுப்பில மின்விசிறி நிப்பாட்டினாலும் சன்னலால காத்து வரும்.

முகத்துவாரம் (காலை 10.50)

நல்ல கேள்வி தம்பி. கடல் அலை தரையைச் சில செக்கன் காலத்தில் ஆட்டிக்கொண்டே இருக்கும், மாரியில் வாடைக் காற்றோடு கடல் கொந்தளிக்கும்போது இது கூடும். தராசின் முறுக்கல் காலம் 19 நிமிடம் என்பதால் அந்த ஆட்டம் நேரே திரும்பலைத் தராது, ஊசலாகத் தொங்கலை ஆட்டிப் புள்ளியை மங்கலாக்கும். சராசரி எடுத்தால் பெரும்பகுதி போய்விடும். மார்ச்சுக்கும் செப்டெம்பருக்கும் இடையில், கீழ்த்தளத்தில், சீமெந்துத் தரையில் நேரே நிறுத்திய கட்டையில் வையுங்க. மேல்மாடி மேசை சரிவராது.

காற்றைவிடப் பெரிய தொல்லை பெட்டிக்குள் வெப்பச் சலனம். பெட்டியின் ஒரு பக்கச் சுவர் மற்றதைவிடக் கொஞ்சம் சூடானாலே உள்ளே காற்று சுழன்று தண்டைத் தள்ளும், அந்தத் தள்ளல் ஈர்ப்பைவிடப் பலமடங்கு. கிழக்குச் சுவரில் காலை வெயில் படும் அறை கூடாது. பந்தைக் கையால் மாற்றினால் கைச்சூடு பந்தில் தங்கும், துணிக் கையுறையோடு மாற்றி, அரை மணித்தியாலம் விட்டுத்தான் வாசிக்கத் தொடங்கவேண்டும். இரவு 1 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் அறையின் வெப்பநிலை மிகக் குறைவாக மாறும்.

பிள்ளைகளும் திணிவுதான். 60 கி.கி. உள்ள ஒருவர் தண்டுக்கு 45 பாகைச் சாய்வில் 1 மீற்றரில் நின்றால், அவரின் ஈர்ப்பு தரும் முறுக்கம் பந்துகள் தருவதில் 2 சதவீதம். 2 மீற்றருக்குப் பின்வாங்கினால் எட்டில் ஒன்றாகிவிடும். இதை ஒரு பிழையாக மட்டும் சொல்லாமல் பிள்ளைகளைக் கொண்டே கணக்கிடச் சொல்லுங்க டீச்சர்.

திருக்கோவில்_கரை (காலை 11.20)

ஒன்று சேர்க்கிறேன். மேலே 100 மைக்ரோமீற்றரில் கசிமிரால் பின்னிக் காட்டச் சொன்னேனே, அதே ஒழுக்கத்தை இங்கேயும் வைக்கலாம். ஈயம் இல்லாத வெற்றுப் பிளாஸ்டிக் பந்துகளை அதே இடத்தில் வைத்து ஒரு முழு அளவீடு எடுங்க. புள்ளி நகரக்கூடாது. நகர்ந்தால் அது மின்னேற்றமோ வெப்பமோ, ஈர்ப்பல்ல. மறுகா தூரத்தை 6 இல் இருந்து 8 செ.மீ. ஆக்கி அளங்க. தூர முனைத் திருத்தத்தையும் சேர்த்தால் திரும்பல் ஏறத்தாழ 0.55 மடங்காகக் குறையவேண்டும். வேறு அடுக்கில் குறைந்தால் வேறு விசை கலந்திருக்கிறது.

வாவிமுனை (பிற்பகல் 1.15)

வெற்றுப் பந்து அளவீட்டை முதல்நாளே வைக்கிறேன். 19 நிமிட அலைவு அடங்கும்வரை காத்திருப்பதா, அலைவின்போதே வாசிப்பதா?

முகத்துவாரம் (பிற்பகல் 1.40)

காத்திருக்கவேண்டாம். காற்றின் தடை மட்டும் இருப்பதால் அடங்க மணிக்கணக்காகும். 30 செக்கனுக்கு ஒருமுறை சுவரிலுள்ள அளவுத்தாளில் புள்ளியைக் குறித்து வாருங்க. தொடர்ந்து வரும் மூன்று திரும்பல் புள்ளிகளை எடுத்து, முதலாவது + இரண்டாவதன் இருமடங்கு + மூன்றாவது, நான்கால் வகுத்தால் சமநிலைப் புள்ளி வரும். அலைவு குறைந்துகொண்டு போவதும் மெல்லிய நகர்வும் இதில் பெருமளவு நீங்கிவிடும். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம், பந்தை மாற்றி அரை மணித்தியாலம் ஆறவிட்டு, மறுபக்கத்துக்கு நாற்பது நிமிடம், மீண்டும் முதற்பக்கம். முதற்பக்கத்தின் இரண்டு வாசிப்பும் 5 மில்லிமீற்றருக்கு மேல் விலகினால் அந்த இரவின் தரவை விட்டுவிட்டு, பெட்டிக்கு வெளியே இன்னொரு சுற்று ஸ்டைரோபோம் தகடு ஒட்டி மறுநாள் தொடங்குங்க.